திரைச் சின்னங்களை மாற்றுவோம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

சின்னம் என்பது தமிழனுக்குப் புதிதன்று. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில் என்று கொடியிலும் காசிலும் சின்னம் பொறித்து ஆண்ட மண் இது. அரசர்க்கு மட்டுமா சின்னம் இருந்தது? கீழடியிலும் கொடுமணலிலும் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துகளோடு கீறல் குறியீடுகளும் கிடைத்திருக்கின்றன. அரண்மனையில் மட்டுமன்றி அடுக்களையிலும் குறிகள் வாழ்ந்தன என்பதற்கு அவை சான்று.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி இடுவார்கள். இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். நூறு வீட்டுத் துணி ஒரே துறையில் கலந்து வெளுத்தாலும், மாலையில் அவரவர் துணி அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்தச் சேங்கொட்டை மரம் நம் பண்ருட்டி முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தாவரவியல் படிக்கும் நண்பர்கள் அறிவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் குறியை ஆள முடியும் என்பதில்லை. யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவரே குறியை ஆக்கினார். அதனால் அது அவருக்குப் பிழையின்றிப் பயன்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியா இந்த உண்மையை நன்றாக உணர்ந்திருந்தது. 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, 1951 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. எஞ்சியவர்கள் எப்படி வாக்களிப்பது? வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் சின்னத்தைப் பார்த்தார், சீட்டைப் போட்டார், நாட்டின் ஆட்சியை அமைத்தார். அன்று முதல் இன்று வரை தேர்தல் சின்னங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கட்டில், மின்விசிறி, தையல் இயந்திரம், எரிவாயு உருளை எல்லாம் நம் வீட்டுக்குள் இருப்பவை. நம் ஊர்ப் பலாப்பழம் கூட அந்தப் பட்டியலில் உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்பட்டது பலாப்பழச் சின்னமே. அதே பெயர் கொண்ட வேறு சிலரும் அத்தொகுதியில் களத்தில் இருந்தனர். பெயர் குழப்பிய இடத்தில் படமே வாக்காளருக்கு வழிகாட்டியது.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன்? படத்தைப் பார்த்துப் பொருளை அறிவதில் நம் மக்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் நிலைநாட்டத்தான். அப்படியிருக்க, நம்மில் பலர் முதன்முதலாகக் கணிப்பொறியின் முன் அமரும்போது திரையில் உள்ள சிறு சிறு படங்களைக் கண்டு ஏன் திகைக்கிறோம்? கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு மாணவன், ஆய்வுக்கூடத்தின் முதல் வகுப்பிலேயே “இது நமக்கு வராது” என்று ஏன் முடிவு கட்டிவிடுகிறான்? குறை அவனிடம் இல்லை. அந்தப் படங்கள் அவனுடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. அதுவே காரணம்.

அவை யாருடைய வாழ்க்கை? 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. படி எடுக்கும் கடையை நாம் ‘ஜெராக்ஸ் கடை’ என்கிறோமே, அதே ஜெராக்ஸ்தான். அதை வடிவமைத்தவர்கள் அமெரிக்க அலுவலகத்தில் வேலை செய்வோரை மனத்தில் கொண்டு, அவர்களுடைய மேசையையே திரையில் வரைந்தார்கள். தாள், தாளை வைக்கும் உறை, உறைகளை அடுக்கும் இழுப்பறை, கடிதம் வரும் தட்டு, கடிதம் போகும் தட்டு என எல்லாம் சின்னங்களாயின. 1984-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘மெக்கின்டாஷ்’ கணிப்பொறியின் திரையில் குப்பைத் தொட்டியும் இருந்தது. 1995-இல் விண்டோஸ் அந்தத் தொட்டிக்கு ‘ரீசைக்கிள் பின்’ என்று பெயரிட்டுத் தன் திரையிலும் வைத்தது. அந்த மேசையில் பழகியவர்களுக்கு இவை எல்லாம் வந்தவுடன் விளங்கின. அத்தகைய மேசையையே காணாதவன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்வான். நாமும் அதைத்தான் செய்தோம்.

கோப்பைச் சேமிக்க அழுத்தும் சின்னத்தைப் பாருங்கள். அது ‘பிளாப்பி’ என்னும் வட்டு. அதில் அடங்குவது 1.44 மெகாபைட். இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் கூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. சோனி நிறுவனம் 2011-இல் அதன் விற்பனையையே நிறுத்திவிட்டது. நம் வகுப்பில் அதைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஆயினும் நாள்தோறும் அதை அழுத்துகிறோம். பொருள் மறைந்தது, படம் மட்டும் எஞ்சியது.

இந்தச் சின்னங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதக் கை வரைந்தவை. மெக்கின்டாஷின் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. அவர் பொறியியல் படித்தவர் அல்லர், ஓவியக்கலை பயின்றவர். கட்டம் போட்ட ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். குறுக்கே 32 கட்டம், நெடுக்கே 32 கட்டம், ஆக 1,024 கட்டங்கள். எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்பதுதான் அவர் செய்த வேலை. மெக்கின்டாஷின் விசைப்பலகையில் ஒரு விசைக்குக் குறி தேவைப்பட்டபோது, சுவீடன் நாட்டில் காணத்தக்க இடங்களைக் காட்டும் அறிவிப்புக் குறியை எடுத்து அதில் வைத்தார்.

நண்பர்களே, சற்றே நினைத்துப் பாருங்கள். புள்ளி வைத்து, வரிசை எண்ணி, கட்டத்துக்குள் உருவம் அமைக்கும் கலையை நம் வீட்டுப் பெண்கள் மார்கழி தோறும் வாசலில் நிகழ்த்துகிறார்கள். சுவீடன் நாட்டுச் சாலைக் குறி கணிப்பொறிக்குள் நுழையலாம் என்றால், நம் வாசல் கோலம் ஏன் நுழையக் கூடாது?

நுழையலாம் என்பதே என் வாதம். அதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம். விண்டோஸில் ஒரு குறுக்குவழிச் சின்னத்தின் மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்டீஸ்’ சென்று, ‘சேஞ்ச் ஐகான்’ என்பதைத் தேர்ந்தால் போதும், படம் மாறிவிடும். கோப்புறைக்கு அதே வழியில் ‘கஸ்டமைஸ்’ என்ற பகுதியில் அந்த வசதி உண்டு. நாமே வரைந்த படத்தை ‘ஐகோ’ வடிவக் கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரே கோப்புக்குள் 16 புள்ளி முதல் 256 புள்ளி வரை பல அளவுப் படங்கள் அடங்கியிருக்கும். இடத்துக்கு ஏற்றதைக் கணிப்பொறி எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸில் இந்த வேலை இன்னும் அழகு. அங்கே சின்னங்களுக்கென்று பொதுவான பெயர் முறை ஒன்று வகுத்திருக்கிறார்கள். கோப்புறைக்கு ‘ஃபோல்டர்’, குப்பைத் தொட்டிக்கு ‘யூசர்-டிராஷ்’, சேமிப்புக்கு ‘டாக்குமென்ட்-சேவ்’ என்று பெயர்கள் உண்டு. நாம் வரைந்த படத்துக்கு அதே பெயரைச் சூட்டி நம் சின்னத் தொகுப்பில் வைத்துவிட்டால், அம்முறையைப் பின்பற்றும் நிரல்கள் எல்லாம் நம் படத்தையே காட்டும்.

இதில் ஒரு பாடம் பொதிந்திருக்கிறது. சின்னத்தை மாற்றினால் கோப்பு மாறுவதில்லை. விண்டோஸில் ஒரு கோப்புறையின் சின்னத்தை மாற்றும்போது, அதனுள் மறைவாக இருக்கும் ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்ற சிறு கோப்பில் ஒரு வரி எழுதப்படுகிறது, அவ்வளவே. நிரலின் சின்னம் நிரலோடு வருகிறது. குறுக்குவழியின் சின்னம் குறுக்குவழியில் இருக்கிறது. ஒருவகைக் கோப்புகளுக்கெல்லாம் பொதுவான சின்னம் கணிப்பொறியின் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. பொருள் வேறு, பொருளின் முகம் வேறு என்ற இந்த உண்மையைச் சின்னத்தை ஒருமுறை தன் கையால் மாற்றியவன் என்றும் மறக்க மாட்டான். கணிப்பொறி படிப்பவனுக்கு இதைவிடச் சிறந்த முதல் பாடம் எது?

தமிழைக் கணிப்பொறியில் ஏற்ற நம்மவர் பட்ட பாடு சிறிதன்று. கேடீஇ, க்னோம் போன்ற லினக்ஸ் திரைகளின் சொற்களைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழாக்கினார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் ‘பாஸ்’ லினக்ஸ் உருவாயிற்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது மாணவர் வீடுகளுக்கும் சென்றது. இவையெல்லாம் போற்றத்தக்க பணிகள். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சொற்களைத் தமிழாக்கினோம், படங்களை அப்படியே விட்டுவிட்டோம். ‘கோப்புறை’ என்று கீழே தமிழில் எழுதினோம். மேலே இருப்பதோ காது வைத்த அதே மஞ்சள் காகித உறை!

நம் வீடுகளில் முக்கியமான தாள்களை எதில் வைப்பார்கள்? குடும்ப அட்டை, பட்டா, மருத்துவச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் எதில் இருக்கும்? மஞ்சள் பையில் இருக்கும். கலியாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த அந்தப் பைதான் ஏழை வீட்டின் இழுப்பறை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தையே தொடங்கிற்று. நிறமும் மஞ்சள், வேலையும் அதே வேலை. திரையில் அந்தக் காகித உறைக்குப் பதில் ஒரு மஞ்சள் பையை வரைந்து வைத்தால், நம் ஊர்ப் பாட்டிக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதை வெறும் கற்பனையாகச் சொல்லவில்லை. என் தாயார் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்பவர். தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். அவர் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கை வீட்டுக் கணிப்பொறியில் நான் ஏற்றி வைத்திருக்கிறேன். குழுவினர் யாரேனும் கணக்குக் கேட்டு வந்தால், மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பும் வரை காத்திருப்பார்கள். விண்டோஸில் தனி ஒரு கோப்புக்கு மட்டும் நேரடியாகச் சின்னம் மாற்ற வழியில்லை. ஆகவே அந்தக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி அமைத்து, முந்திரிப் பழத்தின் படத்தை வைத்து, கீழே ‘குழுக் கணக்கு’ என்று தமிழில் எழுதினேன். இப்போது என் தாயாரே திறந்து காட்டுகிறார். தன் பெயருக்கு நேரே உள்ள தொகை சரிதானா என்று என்னிடமே கேள்வியும் கேட்கிறார்! ஒரு சிறு படம் ஒருவரைக் காத்திருப்பவர் நிலையிலிருந்து கணக்குக் கேட்பவர் நிலைக்கு உயர்த்திவிட்டது. இதைவிடப் பெரிய பயன் என்ன வேண்டும்?

இதற்கு மறுப்பும் எழும். “இது பொழுதுபோக்கு, பூச்சு வேலை, படிக்கிற பிள்ளைக்கு ஏன் இது?” என்று சிலர் கேட்பார்கள். குறி என்பது அவ்வளவு அற்பமானதா? 2010 ஜூலையில் இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு வந்தது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழர். 2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கைச் சின்னத்தில் அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற தமிழ் எழுத்து இடம்பெற்றபோது நாடெங்கும் விவாதம் மூண்டது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கு நம் வழக்கன்று. ஓர் எழுத்தளவுக் குறியை மாற்றியதற்கு அத்தனை பேர் பேசினார்கள் என்றால், குறி என்பது பூச்சு அன்று என்பது விளங்கவில்லையா?

“ஆளுக்கொரு சின்னம் வைத்தால் அடுத்தவன் திகைக்க மாட்டானா? ஆய்வுக்கூடம் என்ன ஆகும்?” என்று நம் ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். இது நியாயமான கேள்வி. ஆய்வுக்கூடக் கணிப்பொறி பொதுச்சொத்து. அதில் பொதுச் சின்னங்களே இருக்கட்டும். நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் அவையே இருக்கும். ஆதலால் அவற்றையும் கற்கத்தான் வேண்டும். நான் கேட்பது சொந்தக் கணிப்பொறியிலும் சொந்தக் கணக்கிலும் மாற்றும் உரிமையையும், மாற்றத் தெரிந்த அறிவையும்தான். வெளியில் பொதுமொழி பேசுகிறவன் வீட்டில் தாய்மொழி பேசுவதில்லையா?

பார்வையற்ற நண்பர்களையும் நாம் மறத்தலாகாது. அவர்கள் பயன்படுத்தும் ‘என்விடிஏ’ போன்ற திரைவாசிப்பான்கள் படத்தைப் படிப்பதில்லை. கீழே உள்ள பெயரையே படிக்கின்றன. ஆகவே படத்தை மாற்றுவோர் பெயரையும் தெளிவாக எழுதுவது கடமை. படம் பெயருக்குத் துணை நிற்க வேண்டும். பெயரை விழுங்கிவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு; அதுதான் இந்த அறிவை அவசியமாக்குகிறது. சின்னத்தை நாம் மாற்றலாம் என்றால், நம்மை ஏமாற்ற நினைப்பவனும் மாற்றலாம் அன்றோ? 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. அதன் இணைப்பு பார்ப்பதற்குச் சாதாரண எழுத்துக் கோப்பு போல ‘டிஎக்ஸ்டி’ என்று முடிந்தது. உண்மையில் அதன் பின்னே ‘விபிஎஸ்’ என்ற இன்னொரு வால் இருந்தது. விண்டோஸ் அதை வழக்கம்போல் மறைத்து வைத்திருந்தது. காதல் கடிதம் என்று திறந்தார்கள். இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் கெட்டன. 2010-இல் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ இன்னும் கொடியது. ஒரு குறுக்குவழியின் சின்னத்தை விண்டோஸ் திரையில் காட்டினாலே போதும். அது உள்ளே புகுந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்க அதே ஆண்டில் திருத்தம் வெளியிடப்பட்டது. ஆனால் பாடம் மறையவில்லை. ஜெராக்ஸ் கடைகளில் பென்டிரைவைச் செருகித் திரும்பும் நம் மாணவர்கள், கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருக்கக் கண்டு விழித்ததில்லையா?

வெளுத்ததெல்லாம் பால் அன்று. பண்ருட்டிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலாப்பழத்தை வெளித்தோலைப் பார்த்து யாராவது வாங்குவார்களா? தட்டிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், அதன் பிறகே விலை பேசுவார்கள். திரையில் ஒரு கோப்பைக் கண்டாலும் அப்படியே தட்டிப் பார்க்க வேண்டும். ‘வியூ’ பட்டியலில் கோப்புப் பெயரின் வாலைக் காட்டும்படி அமைத்துக்கொள்வதே அந்தத் தட்டல். சின்னம் பிடிஎஃப் என்று சொல்ல, வால் ‘ஈஎக்ஸ்ஈ’ என்று சொன்னால், வாலை நம்புங்கள், முகத்தை நம்பாதீர்கள். முகத்தை மாற்றுவது எவ்வளவு எளிது என்று தன் கையால் செய்து பார்த்தவனை முகம் காட்டி ஏமாற்றுவது அரிது.

ஆகவே நம் கல்லூரியில் செய்யத்தக்க இரண்டு செயல்களை இங்கே முன்வைக்கிறேன். முதலாண்டு மாணவர் அனைவருக்கும், எந்தப் பாடம் எடுத்தவராயினும், ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு மணி நேர ஆய்வுக்கூட வகுப்பு ஒன்று வைக்கலாம். சின்னத்தை மாற்றவும், வாலைக் காணவும், பொருள் வேறு முகம் வேறு என்று உணரவும் அது போதும். அடுத்து, மாணவர்களே கூடித் தமிழ்ச் சின்னத் தொகுப்பு ஒன்றை உருவாக்கலாம். கோலம் போடத் தெரிந்தவர் கட்டம் அமைக்கட்டும். ஓவியம் தெரிந்தவர் ‘இங்க்ஸ்கேப்’ போன்ற விலையில்லா மென்பொருளில் வரையட்டும். தமிழ்த்துறை நண்பர்கள் பெயர் சூட்டட்டும். கணிப்பொறித் துறையினர் தொகுப்பாக்கட்டும். மஞ்சள் பை கோப்புறையாகட்டும், நெற்குதிர் சேமிப்பாகட்டும். முடித்ததை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விலையின்றி வெளியிடுவோம்.

ஜெராக்ஸ் அலுவலகத்தார் தம் மேசையைத் திரையில் வரைந்ததில் தவறில்லை. தமக்குத் தெரிந்ததை அவர்கள் வரைந்தார்கள். நமக்குத் தெரிந்ததை நாம் வரையாமல் இருப்பதுதான் தவறு. பிறர் வரைந்த படத்தை மனப்பாடம் செய்பவன் கணிப்பொறிக்கு விருந்தாளி. தன் படத்தைத் தானே வரைந்து வைப்பவன் அதற்கு உரிமையாளன். விருந்தாளியாக நெடுநாள் இருந்துவிட்டோம். மாணவத் தோழர்களே, இனி உரிமையாளர்களாவோம்!